சிவப்பழகு க்ரீம்: டியூப்பின் பின்பக்கம் படிப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அரை மணி நேரம் கேட்டிருந்தேன், இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகளில் பலர் முகத்துக்கு ஏதோ ஒன்றைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். ஆண் பிள்ளைகளும்தான். 1975-இல் நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்பனைக்கு வந்தது. நம் அம்மாக்கள் காலத்திலேயே அது மளிகைக் கடைச் சரத்தில் தொங்கியது. 2020-இல் அதன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, பிள்ளைகளின் ஆசை மாறவில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது விளம்பரத்தில் வரும் அந்த மாதிரி க்ரீம்களைப் பற்றி அல்ல. விளம்பரமே இல்லாமல் வீடு வந்து சேரும் இரண்டு வகைகளைப் பற்றி. ஒன்று, பாதரசம் கலந்த க்ரீம். இன்னொன்று, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு.

முதலில் நம் பாடத்துக்குள் இருப்பதைப் பார்ப்போம். தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை, கருத்தவர் வெளுத்தவர் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. எவ்வளவு மெலனின் உருவாகிறது, அது எப்படிப் பொதிந்து பரவுகிறது என்பதில்தான் வித்தியாசம். இதை வகுப்பில் சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சொல்லிப் பாருங்கள். மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்குள் தாமிர அணுக்கள் இருக்கின்றன. தாமிரம் இல்லாவிட்டால் நொதி வேலை செய்யாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லிக்கொடுப்பது எளிது.

பாதரசம் உள்ளே நுழைந்து அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, மெலனின் குறைகிறது, முகம் சில வாரங்களில் வெளுக்கிறது. அதாவது, அந்த க்ரீம் பலன் தருகிறது என்பது பொய் அல்ல. நாம் "அதெல்லாம் ஏமாற்று" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வெளுத்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பலன் இருக்கிறது, விலையைத்தான் வேறு ஓர் உறுப்பு கொடுக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அந்த உறுப்பு சிறுநீரகம். தோல் வழியாக இரத்தத்தில் சேரும் பாதரசம் அங்கே போய்த் தங்குகிறது. நமக்கு அடுத்த மாநிலத்திலேயே இதற்குச் சான்று கிடைத்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகும் ஒரே வகை நோய். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, சிறுநீரில் புரதம். அவர்களில் 15 பேரிடம் நெல்-1 என்ற புரதத்தின் அடையாளம் தெரிந்தது (நம் வயல் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மரபணுவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்). அந்த 15 பேரில் 13 பேர் அறிகுறி வருமுன் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். ஆய்வு 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளிவந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது.

செங்கோட்டை தாண்டினால் கேரளம். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. ஊருக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டோடு க்ரீம் டப்பாவும் வருகிறது. அதனால் இது மலப்புரத்தோடு நின்ற விஷயம் என்று நாம் இருந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ், 2020-இல் அழகுசாதனப் பொருள்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் மட்டும், கெட்டுப்போகாமல் இருக்க, 70 பிபிஎம் வரை பாதரசம் இருக்கலாம். மற்ற எதிலும் பாதரசம் சேர்க்கக் கூடாது, தற்செயலாகக் கலந்திருந்தால்கூட 1 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018-இல் இணைந்தது. அந்த ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் 2023-இல் கூடி, 1 பிபிஎம் என்ற சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025-க்குள் முழுவதுமாக நிறுத்த முடிவெடுத்தன.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை நான் கணக்காகவே கொடுத்தேன். 20 கிராம் டியூப்பில் 1 பிபிஎம் பாதரசம் என்றால் எவ்வளவு? 0.02 மில்லிகிராம். அதே டியூப்பில் 1 சதவீதம் பாதரசம் இருந்தால்? 200 மில்லிகிராம். எத்தனை மடங்கு? பத்தாயிரம். உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய க்ரீம்களில் பாதரச உப்பு 1 முதல் 10 சதவீதம் வரை இருப்பதாகச் சொல்கிறது. சதவீதக் கணக்கில் என்றும் தடுமாறும் ஒரு பையன் அன்று முதல் ஆளாக விடை சொன்னான்.

நம் நாட்டுக் கடைச் சரக்கைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 32 சிவப்பழகு க்ரீம்களைச் சோதித்தது. 14-இல் பாதரசம் இருந்தது, ஆனால் அளவு 0.10 முதல் 1.97 பிபிஎம் வரைதான். அதுவும் தவறுதான். ஆனால் பெயர் விலாசம் இல்லாமல் வரும் டப்பாவோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

இனி ஸ்டீராய்டு. என் அனுபவத்தில் இதுதான் நம் பிள்ளைகளை அதிகம் தொடுகிறது, ஏனென்றால் விலை குறைவு. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்க மறுத்தாள். "வெயில்ல நின்னா எரியுது டீச்சர்" என்றாள். கன்னங்கள் சிவந்து, மெல்லிய நரம்புகள் தெரிந்தன, தாடையில் பரு, மேலுதட்டில் பூனைமுடி. ஏழெட்டு மாதமாக ஒரு களிம்பு பூசுகிறாளாம். அம்மாவை வரச் சொன்னேன். பீடி சுற்றும் தட்டை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்தார். "கடையில கேட்டேன், குடுத்தாவ. என்ன டீச்சர் செய்ய, நிறமா இருந்தாத்தான் நாளைக்குப் பொண்ணு கேட்டு வருவாவ" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருமண விளம்பரப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், அவர் சொன்னது அப்படியே அச்சில் இருக்கும்.

டியூப்பை வாங்கிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் சேர்ந்தது. அது க்ரீம் அல்ல, மருந்து. மங்கு போன்ற சில நோய்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு எழுதிக்கொடுப்பது. மோமெட்டசோன் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலிகிறது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் வெளுப்பதற்குப் பதில் நீலங்கலந்த கருமை படிவதும் உண்டு, அது எளிதில் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சருமம் வெளுக்கும் அழகுசாதனங்களில் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் 2020 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரு பிள்ளையிடம் "தூக்கிப் போடு" என்று சொல்லிவிடாதீர்கள். நீண்ட நாள் பூசிய ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் முகம் இன்னும் சிவந்து, வீங்கி, எரியும். பயந்துபோய்ப் பிள்ளை மறுபடியும் அதையே பூசும். படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை. அந்தப் பெண்ணை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினோம். எரிச்சல் குறைந்திருக்கிறது. கன்னத்து நரம்புகள் இன்னும் தெரிகின்றன. தொப்பி போட்டுக்கொண்டு வழிபாட்டில் நிற்கிறாள், நாங்கள் அனுமதித்திருக்கிறோம்.

ஸ்டீராய்டு களிம்புகள் பல, முன்பு சீட்டு இல்லாமலே விற்கப்படும் விலக்கில் இருந்தன. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 களிம்புகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. டியூப்பில் சிவப்புக் கோடும், பதிவு பெற்ற மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது அந்த வகை. விதி இருக்கிறது. கடையில் கேட்டால் கொடுக்கவும் செய்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மருந்து விதிகளின் அட்டவணை ஜே, எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. அதில் தோலைச் சிவப்பாக்குவதும் இருக்கிறது. ஆனால் அழகுசாதனம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமோ, அழகூட்டுவதும் தோற்றத்தை மாற்றுவதும் என்பதுதான். ஆக, மருந்து கொடுக்கக் கூடாத வாக்குறுதியை க்ரீம் கொடுக்கலாம்! விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல், கருத்தவர்களைச் சோர்ந்தவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020 பிப்ரவரியில், சிவப்பழகு வாக்குறுதிகளுக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு சிறையும் பத்து லட்சம் ரூபாய் அபராதமும் என்று மத்திய அரசு ஒரு சட்டத் திருத்த வரைவை வெளியிட்டது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

வகுப்பில் செய்யக்கூடியது, காலி டியூப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கம் படிக்க வைப்பது. தயாரிப்பாளர் முழு முகவரி, தொகுதி எண், உரிம எண், பயன்படுத்தும் கெடு, உட்பொருள் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணும், அந்தச் சான்று பெற்றவர் முகவரியும் இந்தியாவுக்கென்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கேலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரஸ், அம்மோனியேட்டட் மெர்க்குரி, எந்தப் பெயரில் இருந்தாலும் பாதரசம்தான். தங்கம், வெள்ளி, அலுமினியம் நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம் உலோகங்களோடு சேர்ந்து இரசக்கலவை ஆகும் என்று நாம்தானே நடத்துகிறோம். ஆனால் பட்டியலில் இல்லை என்பதால் பொருளில் இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் வகுப்புக்கு வந்த பதினொரு டியூப்களில் மூன்றில் பட்டியலே இல்லை.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், பவுடரை யாருக்கு இரண்டு மடங்கு அப்புகிறோம், வருகைப் பதிவின்போது எந்தப் பிள்ளையைப் பட்டப்பெயரில் கூப்பிடுகிறோம் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'கருப்பி' என்பது செல்லம்தான் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். கூப்பிடப்படுகிறவரைக் கேட்டால் தெரியும்.

கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், க்ரீம் பூசுகிறாயா என்றும் கேளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் பார்ப்பது எளிய சோதனை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். சந்தேகமான பொருளை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அந்த 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம்.

கடைசியாக, வாங்கி வைக்கும் டப்பாக்களைப் பள்ளிக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். சூட்டில் பாதரசம் ஆவியாகும், சுற்றி நிற்கும் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். ஆற்றங்கரையில் கொட்டுவதும் வேண்டாம். மூடி இறுக்கி, இரண்டு பாலிதீன் பையில் கட்டி, ஆய்வகப் பூட்டுப் பெட்டியில் வைத்து, ஆய்வாளர் வரும்போது ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.