ஸ்பிரிங்கின் ஆயுள்

கொல்கத்தாவிலிருந்து பேசுகிறேன். துப்பாக்கி சுடும் மன்றங்களில் வீரர்களின் பிஸ்டல்களைப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டிக் கொடுப்பது என் தொழில். ஆர்மரர் என்பார்கள். இங்கே பயிற்சிக்கு வரும் வங்காளிப் பிள்ளைகளுக்கு நான் ‘மிஸ்திரி காக்கு’, அதாவது மெக்கானிக் சித்தப்பா.

கைத்துப்பாக்கி எத்தனை காலம் உழைக்கும், அதில் எது முதலில் உடையும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, இது நமக்கெதற்கு என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். 2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். மனு பாக்கர் 16 முறை சுட்டிருந்தார். அப்போது அவருடைய பிஸ்டலின் மின்னணு ட்ரிகர் பகுதியில் கோளாறு. லைனை விட்டு இறங்கி, பழுதுபார்க்கும் இடத்துக்குப் போய், சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது இன்னும் 44 முறை சுட வேண்டும். மீதி இருந்தது 36 நிமிடம். 575 புள்ளிகள் எடுத்தார், 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம். அந்தப் பெண் மூன்றாண்டு கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றதை நாடே கொண்டாடியது. ஆனால் அந்த டோக்கியோ ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொழில்காரர்கள் யாருக்கும் மறக்காது. வருடக்கணக்கான உழைப்பை உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம் நிறுத்திவிடும் என்பதை அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

பிஸ்டல் உடைகிறது என்றால் குழல் வெடிப்பதையும் சட்டம் பிளப்பதையும்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சினிமாவில் அப்படி நடக்கும். பட்டறை மேசைக்கு வருவது வேறு: தளர்ந்த ஸ்பிரிங், முனை மழுங்கிய எக்ஸ்ட்ராக்டர், நுனி ஒடிந்த ஃபயரிங் பின், வாய் விரிந்த மேகஸின். இவ்வளவுதான். இவற்றை நேரத்தில் மாற்றினால் எஃகு உடம்பு இரண்டு தலைமுறை நிற்கும்.

ஒரு தானியங்கி பிஸ்டலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோட்டா வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. அதில் இருக்கும் கொக்கி, அதுதான் எக்ஸ்ட்ராக்டர், காலியான கூட்டைப் பிடித்து இழுத்து வெளியே எறிகிறது. பின்னால் போன ஸ்லைடை ஒரு ஸ்பிரிங் முன்னால் தள்ளுகிறது. போகிற போக்கில் ஸ்லைடு மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் ஏற்றுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் அந்த ரிகாயில் ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. ஸ்லைடை முன்னால் தள்ளுவது ஒன்று, பின்னால் வரும் வேகத்தை வாங்கிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்தாலும் துப்பாக்கி சுடும், குறியும் தப்பாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்லைடு போய்ச் சட்டத்தில் மோதும். தேய்ந்த பிரேக் கட்டையோடு சைக்கிள் ஓட்டினால் சக்கரத்தின் விளிம்பு போகுமே, அதே கதைதான். மலிவான பாகத்தை மாற்றாததால் விலையுயர்ந்த பாகம் அடிவாங்கும்.

ஸ்பிரிங் தளர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சுடுகிறவரின் கையைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பேன். காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பேன். போன மாதம் இரண்டடி தள்ளி விழுந்த கூடு, இந்த மாதம் சுவருக்கே பறக்கிறது என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. எங்கள் மன்றத்தில் சுடும் ஒரு வங்கி அதிகாரி, “காக்கு, என் பிஸ்டல் முன்னைவிட ஜோராக வேலை செய்கிறது, கூடு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்” என்று பெருமையாகச் சொன்னார். பிரித்துக் காட்டினேன். புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்தால் பழையது விரல் அகலம் குட்டை. சட்டத்தில் ஸ்லைடு மோதிய தடம் பளபளவென்று தெரிந்தது. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

இளைஞர்கள் சிலர் தளர்ந்த ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டி மறுபடி போடுவார்கள். அன்றைக்கு நீளமாகத் தெரியும். இரண்டு நாளில் மீண்டும் சுருங்கிவிடும், வளையங்களுக்கிடையே சமமின்மையும் சேர்ந்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். மேகஸினில் தோட்டா போட்டே வைத்திருந்தால் ஸ்பிரிங் கெட்டுவிடுமா என்றும் கேட்பார்கள். நல்ல எஃகுக் கம்பி ஒரே நிலையில் அழுந்திக் கிடப்பதால் கெடுவது குறைவு. அழுந்தி விரிந்து, அழுந்தி விரிந்து உழைப்பதால்தான் களைக்கிறது. அதனால்தான் வருடக் கணக்கைவிடத் தோட்டாக் கணக்கை எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு நோட்டு. இன்று எத்தனை சுட்டோம், எந்தப் பாகம் எப்போது மாற்றினோம். எத்தனைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைத் தயாரித்தவரின் கையேடே சொல்லும்.

உழைப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை மௌசர் கதைதான். இந்த நகரத்தில் நடந்தது. 1914 ஆகஸ்ட் 26. ரோடா கம்பெனி என்ற ஆயுத வியாபாரிகளுக்குக் கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்க அலுவலகத்திலிருந்து எடுத்துவர ஒரு குமாஸ்தா போனார். பெயர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா. வான்சிட்டார்ட் சந்தில் இருந்த கிடங்குக்கு 192 பெட்டிகள் வந்து சேர்ந்தன. மிச்சத்தைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. காணாமல்போன பத்துப் பெட்டிகளில் 50 மௌசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். வங்காளப் புரட்சியாளர்களின் கைக்கு அவை போயின. ஆங்கிலேய அரசு அமைத்த ரௌலட் குழுவின் 1918 அறிக்கையே கணக்குச் சொல்கிறது: 44 பிஸ்டல்கள் உடனடியாக ஒன்பது குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன, 54 சம்பவங்களில் அவை பயன்பட்டன. 1915 செப்டம்பரில் பாலாசோர் அருகே புரட்சித் தலைவர் பாகா ஜதின் தன் நான்கு தோழர்களோடு போலீஸ் படையை எதிர்த்து நின்றபோது கையில் இருந்ததும் மௌசர்தான்.

வரலாற்றாசிரியர்கள் அந்தத் துணிச்சலைப் பேசுவார்கள். நான் தலைவணங்கிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்: அந்தத் துப்பாக்கிகளுக்கு யார் ஸ்பிரிங் மாற்றினார்கள்? உதிரிப் பாகம் கேட்டு எந்தக் கடைக்கும் போக முடியாது. வங்காளத்து ஈரக்காற்று, ஆறு கடந்து, வயல் கடந்து ஓட்டம். அப்படியும் அவை சுட்டன. காரணம் அந்த வடிவமைப்பு. மௌசர் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் உருவாக்கியது அது. கைப்பிடிப் பலகையைப் பிடிக்கும் திருகைத் தவிர உள்ளே திருகே கிடையாது. ஒரு பாகம் அடுத்த பாகத்தைப் பூட்டுகிறது, அது மற்றொன்றைப் பூட்டுகிறது. மரத்தச்சர் ஆணியில்லாமல் பூட்டும் வேலை எஃகில்! ஒருமுறை மட்டும், உரிமம் பெற்ற ஒருவரின் பழைய மௌசரைப் பிரித்துப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மேசைமேல் பாகங்களைப் பரப்பிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மௌசரில் ஸ்லைடின் வேலையைச் செய்யும் போல்ட் பின்னால் பறந்துவிடாமல் தடுக்க ஒரு சிறு குறுக்குக்கட்டை இருக்கிறது. போல்ட் ஸ்டாப் என்பார்கள். அதில் விரிசல் விழுந்தால் போல்ட் சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரலாம். பழைய மௌசர் கையில் வந்தால் நான் முதலில் உருப்பெருக்காடி வைத்துப் பார்ப்பது அந்தக் கட்டையைத்தான்.

நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் சைகை செய்கிறார்கள். இஷாப்பூரைச் சொல்லாமல் விட முடியாது. சியால்தாவிலிருந்து வடக்கே ரயிலில் போனால் வரும் ஊர். அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. நம் படையினர், காவலர்கள் பலரின் இடுப்பில் இருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் அங்கே செய்ததுதான். பிரௌனிங் ஹை பவர் வம்சம். வாஞ்சிநாதன் மணியாச்சியில் 1911-இல் ஏந்தியதும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங் என்பது நம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் துப்பாக்கிகளுக்குப் பெயர் தந்த வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் 1926-இல் பெல்ஜியத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அவர் விட்டுப்போன வேலையை சேவ் என்பவர் முடித்து 1935-இல் வெளிவந்தது ஹை பவர். இரண்டாம் உலகப்போரில் கனடாவின் இங்க்லிஸ் நிறுவனம் அதைச் செய்தது. அப்போது செய்த பிஸ்டல்களைக் கனடா ராணுவம் 2020-கள் வரை பயன்படுத்தியது, நேயர்களே! ஏறத்தாழ எண்பது ஆண்டு. ஸ்பிரிங்குகளும் கொக்கிகளும் எத்தனையோ முறை மாறின, உடம்பு நின்றது. அந்த வடிவத்தின் முதல் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்குள்ளே மறைந்திருக்கும். 1962-இல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் பாகத்தைக் கவனிப்பது எளிது அல்லவா!

நம் நாட்டில் பழைய துப்பாக்கியைப் பராமரிப்பது கொஞ்சம் சிக்கலான சங்கதி. 1980-களின் நடுவில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நின்றுபோனது. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. அதனால் தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. வடகொல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர் அப்படியொன்றைக் கொண்டுவந்தார். மழைக்காலம் முழுக்கத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். தோல் பதனிடும் உப்பும் ஈரமும் சேர்ந்து பக்கவாட்டில் துரு பூத்திருந்தது. உள்ளே ‘வி’ வடிவ மெயின் ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்திருந்தது. “எங்கேயாவது லேத் பட்டறையில் ஒன்று அடித்துக்கொடுங்களேன்” என்றார். முடியாது ஐயா என்றேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். டல்ஹவுசிப் பக்கம் இருக்கும் பழைய உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பிவைத்தேன். அரம் பிடித்தே வளர்ந்த ஒரு கைவினைஞர் பல வாரம் எடுத்துச் செய்துகொடுத்தார். அந்த வேலையைப் போய்ப் பார்த்தேன். நிறம் பார்த்து எஃகைக் காய்ச்சி, எண்ணெயில் நனைத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினார். அளவுக்கு மீறிக் கடினமானால் ஒடியும். மென்மையானால் வளைந்தே நின்றுவிடும்.

பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவசரமாகச் சில வார்த்தை. .22 பிஸ்டலில் தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பழகுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். அந்தத் தோட்டாவின் விளிம்பில்தான் ஃபயரிங் பின் என்ற ஊசி அடிக்க வேண்டும்; தோட்டா இல்லாவிட்டால் சில மாடல்களில் ஊசி குழலின் வாயிலேயே அடிக்கும். வாய் பிசிறினால் கூடு சிக்கும். என் மேசைக்கு ஒரு மாணவியின் பிஸ்டல் வந்தது; நாலைந்து சுடலுக்கு ஒருமுறை சிக்குகிறதாம். அப்பா இரண்டு பிராண்டு தோட்டா மாற்றிப் பார்த்துவிட்டார். மெழுகும் கரியும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கெட்டியாக இறுகிக் கிடந்தன. ஒரு மரக்குச்சி, ஒரு பிரஷ், பத்து நிமிடம், முடிந்தது. ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். அதிகபட்சம் பத்து ஆண்டு என்பது சர்வதேசப் போட்டி விதி. ரப்பர் வளையங்கள் காய்ந்தால் காற்று மெல்லக் கசியும், புள்ளி ஏன் கீழே இறங்குகிறது என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

விடைபெறும் முன் ஓர் ஆசை. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, தமிழ்நாடெங்கும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுடும் கூடங்களும் பெருகிவருகின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலர் ஆர்மரர் வேலைக்கு வர வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் ஒருவர், ஒரு மேசை, நல்ல வெளிச்சம், நோட்டு. யாராவது விருப்பத்தோடு கொல்கத்தா வந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கக் காத்திருக்கிறேன்.