சில் ஜான்சனின் கணக்கு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே ராப் கேட்பவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள். பப்ளிக் எனிமி, வூ-டாங் கிளான், ஜே-ஸி, கான்யே வெஸ்ட் என்று இவர்களில் யாரையாவது விடாமல் கேட்டிருந்தால் சில் ஜான்சன் என்பவரையும் கேட்டிருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது. 1967இல் சிகாகோவிலிருந்து 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்றொரு பாட்டு வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு டிரம்ஸ் அடி, கூடவே ஓர் உறுமல், ஒரு சிரிப்பு. எல்லாம் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து, சுழலவிட்டு, அதன்மேல் ஒரு தலைமுறையே ராப் பாடியிருக்கிறது. பாடியவர் மட்டும் யாருக்கும் தெரியாதவராகவே இருந்தார்.

கறுப்பின இசையைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதம், பிளாக் பேந்தர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள். ஆனால் இசை என்று வந்துவிட்டால் வலி, எதிர்ப்பு, விடுதலை என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பாட்டில் வந்த பணம் யார் கைக்குப் போனது என்று கேட்பதில்லை. கேட்டால் கலையைக் கொச்சைப்படுத்துவதாக ஒரு கூச்சம். இன்றைக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

சில் ஜான்சனின் இயற்பெயர் சில்வெஸ்டர் தாம்ப்சன். 1936 ஜூலை 1 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் ஹோலி ஸ்பிரிங்ஸ் பக்கம் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரை இன்னொருவருக்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கும்பல் கொலைகளை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதிய ஐடா பி. வெல்ஸ் 1862இல் அடிமையாகப் பிறந்ததும் அங்கேதான். சில்வெஸ்டர் பிறந்த காலத்தில் அடிமை முறை சட்டத்தில் இல்லை. அதன் இடத்தில் வாரக் குத்தகை இருந்தது. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பருடையது. விதை, கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் நிலக்காரர் முன்கடனாகக் கொடுப்பார். பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். நோட்டு நிலக்காரர் கையில். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அனேகமாகக் குத்தகைக்காரர்தான் கடன்பட்டிருப்பார். பண்ணையாள் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இந்த நோட்டு திரும்பவும் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கே போனார்கள். தாம்ப்சன் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் சிகாகோ வந்து சேர்ந்தது. அவருடைய அண்ணன் ஜிம்மி கிடாரிஸ்ட், இன்னொரு சகோதரர் மேக் பேஸ் கிடார் வாசிப்பவர். பக்கத்து வீட்டில் மேஜிக் சாம் என்ற புளூஸ் கலைஞர். சில்வெஸ்டரும் கிடார் வாசிப்பாளராகத்தான் தொடங்கினார். 1950களில் மேஜிக் சாம், ஜூனியர் வெல்ஸ் போன்றவர்களோடு கிளப் கிளப்பாக வாசித்துத் திரிந்தார்.

1959இல் ஃபெடரல் ரெகார்ட்ஸ் அவருடைய முதல் தட்டை வெளியிட்டது. அது சின்சினாட்டியில் இருந்த கிங் ரெகார்ட்ஸின் கிளை, முதலாளி சிட் நேதன். தட்டு அச்சாகி வந்தது. அதில் சில்வெஸ்டர் தாம்ப்சன் என்ற பெயர் இல்லை, 'சில் ஜான்சன்' என்று இருந்தது. முதலாளிக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, போட்டுவிட்டார்.

காத்தவராயன் என்ற இளைஞர் தன் ஆசிரியர்மேல் கொண்ட மதிப்பால் அவர் பெயரையே எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். அது தானே தேர்ந்துகொண்ட பெயர். இங்கே நடந்ததை அதோடு வைத்துப் பாருங்கள். அடிமைக்கு எசமானன் பெயர் வைத்த நாட்டில், ஒரு பாடகனுக்குக் கம்பெனிக்காரர் பெயர் வைக்கிறார். பாடகனும் அதையே வைத்துக்கொண்டு வாழ்கிறான். பிற்பாடு அண்ணன் ஜிம்மியும் தாம்ப்சனை விட்டுவிட்டு ஜான்சன் ஆகிவிட்டார். தம்பியின் பெயர் வெளியே தெரிந்துவிட்டதே! அவருடைய மகள் சிலீனா ஜான்சன் இன்று பெயர் பெற்ற ஆர்&பி பாடகி. ஓர் அலுவலக அறையில் எடுத்த முடிவு மூன்றாவது தலைமுறையிலும் பேசப்போகிறது.

1967இல் சிகாகோவின் ட்வினைட் என்ற சின்னக் கம்பெனிக்காக 'கம் ஆன் சாக் இட் டு மீ', அடுத்து 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்'. இரண்டும் ஆட வைக்கும் பாட்டுகள். கறுப்பின வானொலிகளில் ஓடின. அதோடு நின்றிருந்தால் நான் இன்று இங்கே பேச வந்திருக்க மாட்டேன்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சிகாகோவின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு 'இஸ் இட் பிகாஸ் ஐ'ம் பிளாக்' வெளிவந்தது. 'நான் கறுப்பன் என்பதாலா?' தலைப்பே ஒரு கேள்வி. கறுப்பினப் பாடல்களுக்கான பட்டியலில் 11ஆவது இடம் வரை போனது. 1970இல் அதே பெயரில் இசைத்தொகுப்பு, அதில் இந்தப் பாட்டு ஏழு நிமிடங்களுக்கு மேல். மூன்று நிமிடப் பாட்டுகளே ஓடிய காலம் அது.

கேட்டுப் பாருங்கள், அவர் எங்கேயும் கத்துவதில்லை. மெதுவான தாளம், தரையோடு ஊரும் பேஸ் கிடார், அதன்மேல் கொஞ்சம் கிழிந்த மாதிரி ஒரு குரல். இது யார்மீதும் வெறுப்பில் எழுதியது இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நிதானம்தான் பயமாக இருக்கிறது. முன்னேற வேண்டும் என்று தவிக்கிற ஒருவன், தன்னை எது பிடித்து வைத்திருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறான். 'உனக்குத் திறமை போதாது' என்று ஊர் சொல்வதைப் பாதி நம்பிவிட்டவன் கேட்கிற கேள்வி அது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கேள்வி எந்த நேரத்தில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதே தொகுப்பில் 'காங்க்ரீட் ரிசர்வேஷன்' என்று ஒரு பாட்டு. தலைப்பைப் பார்த்துவிட்டு இடஒதுக்கீடு என்று நினைத்துவிடாதீர்கள், நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அங்கே ரிசர்வேஷன் என்றால் பூர்வகுடி மக்களை ஒதுக்கி வைத்த நிலம். கறுப்பின மக்களை அடுக்கி வைத்த அரசுக் குடியிருப்புகளைத்தான் காங்க்ரீட் ஒதுக்கிடம் என்கிறார். சிகாகோவில் 1962இல் கட்டி முடித்த ராபர்ட் டெய்லர் ஹோம்ஸில் மட்டும் 16 மாடிக் கட்டடங்கள் 28, வரிசையாக. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தவர்கள் அந்தப் படங்களை ஒரு தரம் தேடிப் பாருங்கள்.

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தது 1971இல். ஒரு தொகுப்பு முழுக்கச் சமூக நிலையைப் பாடிய ஆல்பம் என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். கொண்டாட வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் சில் ஜான்சன் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டார். மார்வின் கேயின் பின்னால் மோட்டவுன் இருந்தது. இவர் பின்னால் இருந்தது ஒரு சின்னக் கம்பெனி.

அப்புறம் மெம்ஃபிஸ், வில்லி மிட்சலின் ஹை ரெகார்ட்ஸ். நல்ல இடம், நல்ல வாத்தியக்காரர்கள். ஆனால் அதே கம்பெனியில் அல் கிரீன் இருந்தார். ஒரே மேளத்துக்கு இரண்டு பாடகர்கள், வெளிச்சம் ஒருவர்மேல். அல் கிரீன் எழுதிப் பாடிய 'டேக் மீ டு த ரிவர்' பாட்டை 1975இல் இவர் பாடி வெளியிட்டார். ஏழாவது இடம் வரை போனது. அவருடைய ஆகப் பெரிய வெற்றியே இன்னொருவருடைய பாட்டுதான். 1980களில் சோல் இசையின் காலம் முடிந்தது. சில் ஜான்சன் மீன் வறுவல் கடை போட்டார். நன்றாகவே நடத்தினார். இதைச் சொல்லும்போது சிலர் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைக் கணக்கு நோட்டு முதல் தடவையாக அவர் கையில் இருந்தது.

இனி ராப் பக்கம் வருவோம். 1980களின் கடைசியில் பழைய தட்டுகளைத் தோண்டி எடுத்துத் துண்டு வெட்டும் கலை பரவியது. சாம்பிளிங் என்கிறோமே, அதுதான். தன் குரல் ஊர் முழுக்க ஓடுவது சில் ஜான்சனுக்குத் தெரியவந்தது. உடனே அவர் தன்னை யார் யார் எங்கே எடுத்திருக்கிறார்கள் என்று தேடினார், வக்கீலைப் பிடித்தார், பணம் கேட்டார். வூ-டாங் கிளான் கொடுத்தது. நான் குடியிருக்கும் வீடு வூ-டாங் பணத்தில் கட்டியது என்று பெருமையாகவே சொல்லுவார்.

எல்லோரும் கொடுக்கவில்லை. சைப்ரஸ் ஹில் என்ற குழுவின் 1993 ஆல்பத்தில் 'இஸ் இட் பிகாஸ் ஐ'ம் பிளாக்' துண்டு இருப்பதாக வழக்குப் போட்டார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். ஏன் தோற்றார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு காப்புரிமைகள். மெட்டும் வரிகளும் ஒன்று. ஒலிப்பதிவு, அதாவது தட்டில் பதிந்த அந்தக் குரல், இன்னொன்று. மெட்டுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நாடு தழுவிய சட்டம் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. ஒலிப்பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15க்குப் பிறகு பதிந்தவற்றுக்குத்தான். அதற்கு முந்தையவற்றுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்தான் கதி. சில் ஜான்சனின் பாட்டு 1969. நாடு தழுவிய சட்டத்தின் கீழ் வழக்கு நிற்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் நிறம் பார்த்து எழுதப்படவில்லை, வெள்ளையர் தட்டுகளுக்கும் அதே தேதிதான் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் எழுத்து, மெட்டு இவற்றைச் சொத்தாகப் பார்த்த சட்டம், குரலையும் உறுமலையும் அடியையும் அத்தனை காலம் சொத்தாகப் பார்க்கவில்லை. புளூஸிலும் சோலிலும் உயிர் எங்கே இருக்கிறது? தாளில் எழுத முடியாத அந்த உறுமலில்தானே. எழுதியது அறிவு, உடம்பிலிருந்து வருவது வெறும் உழைப்பு என்று பிரிக்கிற பார்வையை நாம் எங்கே பார்த்திருக்கிறோம் என்று பறை அடிப்பவர்களைக் கேளுங்கள். 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2018இல்தான். அப்போது அவருக்கு வயது 82.

சைப்ரஸ் ஹில் வழக்கில் தோற்ற அதே 2011இல் அவர் இன்னொரு வழக்குப் போட்டார். ஜே-ஸியும் கான்யே வெஸ்ட்டும் சேர்ந்து வெளியிட்ட 'வாட்ச் த த்ரோன்' ஆல்பத்தில் 'த ஜாய்' என்ற பாட்டில் 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' துண்டு இருக்கிறது, அனுமதி வாங்கவில்லை என்று. 2012இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. எவ்வளவு பணம் என்று வெளியிடவில்லை. எடுத்தவர்களும் கறுப்பினக் கலைஞர்கள், உலகப் பணக்காரர்கள். நம்மவர் எடுத்தாலும் கணக்கு கணக்குதான் என்று அவர் இருந்தார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் நெளிவார்கள். போராட்டப் பாட்டுப் பாடியவர் இப்படிக் காசு காசு என்று அலையலாமா? அவர் சாந்தமான துறவியும் இல்லை. தற்பெருமை அதிகம், எதற்கெடுத்தாலும் முறைப்பார். 2017இல் இளையராஜா தன் பாடல்களுக்கு உரிமை கேட்டபோது நம் ஊர் சமூக ஊடகங்களில் வந்த கேலிகளை நினைத்துப் பாருங்கள். 'இவ்வளவு சம்பாதித்தும் ஆசை அடங்கவில்லை' என்றார்கள். தயாரிப்பாளரிடமோ இசைக் கம்பெனியிடமோ அப்படி யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சில் ஜான்சனின் வெற்றியிலும் ஓட்டை இருக்கிறது. ராப் பாடகர்கள் வெட்டியெடுத்ததில் பாதி டிரம்ஸ். ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் அன்றைய வழக்கப்படி ஒரு வேளைக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். தட்டில் பெயர் வராது, பின்னால் வரும் பணத்தில் பங்கும் கிடையாது. அவர்களுடைய கணக்கை யார் பார்ப்பது?

2010இல் சிகாகோவின் நியூமெரோ என்ற மறுவெளியீட்டு நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளை 'கம்ப்ளீட் மித்தாலஜி' என்ற பெட்டியாகக் கொண்டுவந்தது. நான்கு சிடி, ஆறு எல்.பி. அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அந்த இளைஞர்கள் பட்ட பாடு பெரும்பாடு. அன்பாகப் பேசிக் கையெழுத்து வாங்கிய கம்பெனிக்காரர்களை அவர் ஏற்கனவே பார்த்தவர்! கடைசியில் கையெழுத்துப் போட்டார். பெட்டி கிராமி பரிந்துரை வரை போனது. 75 வயதை நெருங்கும்போது புது ரசிகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2015இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

2022 ஜனவரி 31 அன்று அண்ணன் ஜிம்மி ஜான்சன் இறந்தார், 93 வயது. ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, தம்பியும் போய்விட்டார். இரண்டு மரணச் செய்திகளிலும் இருந்தது சிட் நேதன் வைத்த பெயர்.

இப்போது 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' போடுகிறேன். தொடக்கத்தில் அந்த அடியையும் சிரிப்பையும் கவனியுங்கள். அது வேறெந்தப் பாட்டில் கேட்டது என்று ஞாபகம் வருகிறவர்கள் சத்தமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.