முதியோர் இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

எங்கள் தோட்டப் பள்ளியில் பல்லாண்டுகள் மணியடித்த பெரியவரைக் காண, ஆசிரியர்களாகிய நாங்கள் பட்டணத்து முதியோர் இல்லமொன்றுக்குச் சென்றோம். முன்கூடம் பளபளவென்றிருந்தது. பின்னறையில் அவர் படுத்திருந்தார். போர்வையை விலக்கினோம், குதிகாலில் ஆழமான புண். பின்கதவில் பூட்டு. சாவியை வைத்திருந்தவரோ கடைக்குப் போயிருந்தார். தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம், விடையில்லை.

படுக்கைப் புண் முதுமையால் தானாக வருவதன்று. ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சதை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் அழுகுகிறது. அசைய இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால், பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மலேசியாவில் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெறவேண்டும். பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால், சான்றிதழ் நள்ளிரவில் எழுந்து யாரையும் புரட்டிப் போடாது. ஆகவே, முன்னறிவிப்பின்றிச் செல்லுங்கள். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், சாவி எங்கே இருக்கும் என்று கேளுங்கள்.

பெரியவரை அவர் மகன் வேறு இல்லத்துக்கு மாற்றினார். புண் ஆறப் பல மாதங்களாயின. நாங்களும் ஓராண்டு கழித்தே அவரைப் பார்க்கப் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. மாதந்தோறும் பணம் போனால் மட்டும் போதாது, நாமும் போகவேண்டும்.