கங்கைகொண்ட சோழபுரம் காணும் முறை



கும்பகோணத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் அன்பர்கள் அணைக்கரையிற் கொள்ளிடத்தைக் கடந்து, மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைகின்றனர். பெரும்பாலோர் கோயில் வாயிலில் வண்டியை நிறுத்தி, விமானத்தை அண்ணாந்து நோக்கி, பெருமானை வணங்கி, சிறிது பொழுதில் திரும்பிவிடுவர். ஒரு கோயிலைக் கண்ட நிறைவு அவர்கட்கு உண்டு. ஒரு தலைநகரைக் கண்ட நினைவு எழுவதில்லை. இதுபற்றி அவர்களைக் குறை கூறுதற்கில்லை. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் இன்று ஓங்கி நிற்பது அத்திருக்கோயில் ஒன்றே. ஏனையவற்றை மண்ணுள்ளும் ஏரிக்கரையிலும் ஊர்ப்பெயர்களிலும் தேடிக் காணல் வேண்டும். அங்ஙனம் தேடிக் கண்டபின் திருக்கோயிலுட் புகுவார்க்கே அங்குள்ள கற்கள் வாய்திறந்து பேசும்.

ஆதலின் முதற்கண் செல்லத்தக்க இடம் மாளிகைமேடு. அது கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை என்னும் ஊரை அடுத்துள்ளது. முதலாம் இராசேந்திர சோழனுடைய படைகள் வடபுலம் சென்று கங்கை நீருடன் மீண்டது 1023ஆம் ஆண்டை ஒட்டியாம். அவ்வெற்றியின் பெயரால் அவன் அமைத்த புதிய நகரில் அவன் வாழ்ந்த அரண்மனை இம்மேட்டின்கண் இருந்தது. 1980 முதலாகத் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும், தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிகளும், கூரை ஓடுகளும், இரும்பாணிகளும், சீன நாட்டுப் பீங்கான் உடைசல்களும் வெளிப்பட்டன. கடல் கடந்து கடாரம் வரை ஆணை செலுத்திய ஒருவனுடைய வீட்டில் எஞ்சியவை இவை. அகழ்வோர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே சுற்றுப்புறத்து மக்கள் அம்மேட்டைத் தோண்டிச் செங்கல் எடுத்துத் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அரசன் வீட்டுச் செங்கல் குடியானவன் வீட்டுக்குப் போயிற்று. அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை.

மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயரைக் கேட்டாலே நகரின் அமைப்பு ஒருவாறு மனத்தில் எழும். உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம் என்னும் பெயர்களுக்கு உரை வேண்டுவதில்லை. இன்று அவ்விடங்களிற் கோட்டையும் இல்லை, காவலரும் இல்லை. வயலும் தோப்புமே உள்ளன.

அடுத்துக் காணற்பாலது சோழகங்கம். இக்காலத்தார் அதனைப் பொன்னேரி என்பர். வென்ற நாடுகளில் கற்றூண் நாட்டுதல் அரசர் மரபு. இராசேந்திரனோ தன் நகரின் அருகே ஓர் ஏரியை வெட்டுவித்து, கங்கை நீரை அதிற் பெய்வித்து, நீரினாலேயே வெற்றித்தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. இப்புகழ்ச்சியைப் புலவர் கற்பனை என்று தள்ளிவிடலாகாது. கற்றூணைப் பகைவர் வந்து சாய்க்கலாம்; ஏரியைச் சாய்க்க வல்லவர் இலர். ஆயினும் பேணாமை என்னும் பகை ஒன்றுண்டே! நகர் வீழ்ந்தபின் ஏரி தூர்ந்து, கரை கரைந்து, பண்டைய பரப்பிற் பெரும்பகுதியை இழந்தது. கோயிலுள் இருக்கும் சிங்கக் கிணற்றை இராசேந்திரன் காலத்ததென்றே பலர் எண்ணுகின்றனர். சிங்கத்தின் உடல் வழியாகப் படியிறங்கி நீரை அடையும் அவ்வழகிய அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீன்தாரின் திருப்பணியாகும். சிறுவர்க்குக் காட்டத்தக்கதே, எனினும் உரியவர்க்கு உரிய புகழைச் சேர்த்தல் முறை.

இனித் திருக்கோயில். விமானத்தைக் காணுமுன் அன்பர்கள் முற்றத்தின் ஓரம் சென்று மதிலைக் காணல் வேண்டும்; அஃதாவது, மதில் இல்லாமையைக் காணல் வேண்டும். கீழைக் கோபுரம் இடிந்து அடித்தளமாய் நிற்கின்றது. சுற்று மாளிகையிற் சிறு பகுதியே எஞ்சியுள்ளது. பகையரசர் படை இதற்குக் காரணம் என்று எளிதாகக் கூறிவிடுவர். கருங்கல் மதில் போன வழி வேறு. 1836ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, இக்கோயிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுசென்றனர். ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர் என்றும், தடுத்தவர்க்குத் தண்டனையே கிடைத்தது என்றும், பெயர்த்த மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று அளித்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பெற்ற குறிப்பொன்று கூறுகின்றது. அணைக்கரையைக் கடந்து வந்த அன்பர்கள் தாம் வழிபட வந்த கோயிலின் மதிலை வரும் வழியிலேயே கடந்து வந்துள்ளனர்!

அவ்வணையால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. அங்கிருந்து வடவாற்றின் வழியே செல்லும் நீர் வீராணம் ஏரியை நிரப்புகின்றது. அவ்வேரியும் சோழர் வெட்டியதே. ஆயினும் உழவர் வயல் விளைதற்குச் சிவன் கோயில் மதிலைத்தான் இடித்தல் வேண்டுமென்பது எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. நாட்டிற் கல்லுக்குப் பஞ்சமில்லை. கேட்க ஆளில்லாத கல் எதுவென்று பார்த்தே கை வைத்தனர்.

விமானம் ஏறத்தாழ 180 அடி உயரமுடையது. தஞ்சை விமானம் பதின்மூன்று நிலைகளுடன் நேர்க்கோடாக மேலெழும். இது ஒன்பது நிலைகளுடன் இடையிற் சற்றே உள்வாங்கி நெளிந்தெழும். தந்தையின் விமானத்தினும் மகன் உயரம் குறைத்ததைப் பணிவென்று சிலர் போற்றுவர். அது நல்ல கருத்தே எனினும், அரசன் மனத்தை அடியளவு கொண்டு துணிதல் அரிது. உள்ளே எழுந்தருளியுள்ள சிவலிங்கத் திருமேனி சுமார் 13 அடி உயரம். கருவூர்த்தேவர் திருவிசைப்பாவாற் போற்றிய பெருமான் இவரே. ஒன்பதாந் திருமுறையில் அப்பதிகம் உள்ளது. ஐப்பசிப் பௌர்ணமியில் 100 மூட்டை அரிசியை அன்னமாக்கி இத்திருமேனிக்குச் சாத்துகின்றனர். கற்றச்சர் அளவு பிடித்த எத்துநூலுக்கு மட்டும் எட்டு லட்சம் பொன் செலவாயிற்று என்று கணக்கர் சொல்ல, அரசன் மேற்கொண்டு கணக்குக் கேளாது விட்டான் என்பது கணக்கு விநாயகரைப் பற்றி ஊரார் வழங்கும் கதை. கணக்கெழுதுவோர்க்கு இனிக்கும் கதைதான்.

இவற்றையெல்லாம் கண்டு வடக்குப் படிக்கட்டை அடைவார் அங்கே சற்று நிற்றல் வேண்டும். ஒருபுறச் சுவரிற் கலைமகள். எதிர்ப்புறத்தே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. உமையம்மையுடன் வீற்றிருக்கும் பெருமான், கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசர் தலையில் மலர்மாலையைத் தம் திருக்கையாற் சுற்றுகின்றார். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிய சேய்ஞலூர்ச் சிறுவர், பூசையை இடறிய தந்தையின் காலைத் துணித்து இப்பேறு பெற்றார். மாலை பெறுபவர் வடிவில் இராசேந்திரனே தன்னைக் கண்டான் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். மாளிகைமேட்டைக் கண்டு வந்தவர்க்கு அக்கருத்து எளிதில் விளங்கும். தான் வாழச் செங்கல்லும் மரமும் போதுமென்று கொண்டவன், இறைவன் முன் தலை தாழ்த்தும் நிலையைக் கருங்கல்லில் எழுதச் செய்தான். மணிமுடி சூட்டிக்கொண்ட காட்சி எதுவும் அவன் பெயரால் இங்கு எழுதப்படவில்லை.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. தஞ்சைக் கோயிலில் இராசராசன் அளித்த விளக்கும் அணிகலனும் ஒன்றுவிடாமற் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இங்கோ கட்டியவன் காலத்துக் கல்வெட்டுக் கிடைத்திலது. அவன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் இக்கோயிலுக்கு ஊர்கள் அளித்த ஆணைகளை அவன் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டே கூறுகின்றது. வீரராசேந்திரன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. தந்தை மறைந்ததோ 1044இல். கொடுத்தவன் போனபின்னரும் கொடை நடந்தது. பின்வந்தோர் அதனைக் கல்லேற்றிக் காத்தனர். 1279ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி முடிந்தபின் அவ்வூர்களைக் கேட்பாரும் இலராயினர், மதிலைக் காப்பாரும் இலராயினர். 1932இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. உலக மரபுச் சின்னமென்று 2004இல் இக்கோயில் அறிவிக்கப்பெற்றது. அடுத்த குடமுழுக்கு 85 ஆண்டு கழித்து, 2017இல் தான் நிகழ்ந்தது. இத்தனை பெரிய கோயிலுக்கு அத்தனை நீண்ட இடைவெளி!

வடபால் தனிக்கோயிலில் சண்டேசர் எழுந்தருளியுள்ளார். சோழர் காலத்தில் கோயில் நிலத்தை விற்றலும் கொள்ளலும் அவர் பெயராலேயே நடந்தன. சிவன் சொத்துக்கு அவரே காவலர். வழிபட்டு மீளும் அடியவர் அவர் திருமுன் நின்று, கைகளை மெல்லத் தட்டி, திருக்கோயிற் பொருள் எதனையும் கொண்டுசெல்லவில்லை எனக் காட்டிச் செல்லுதல் வழக்கம். மதில் போன அத்திருமுற்றத்திலும் அன்பர்கள் அவ்வாறே கைதட்டி, வந்த வழியே அணைக்கரை நோக்கித் திரும்புகின்றனர்.