பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகள்

[தில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை]



ஆண்டு விழாவில் பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. அம்மரபிற்குச் சற்றே மாறாக, பரிசுப் பட்டியலில் ஒருநாளும் பெயர் வாராத பிள்ளைகளைப் பற்றிப் பேச இசைவு தருமாறு செயலாளரை வேண்டினேன். அன்புடன் இசைந்த அவருக்கு என் நன்றி உரியது.

முதற்கண் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இத்தலைநகரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகப் பணிபுரிந்தவன் நான். 1987ஆம் ஆண்டில் என் வகுப்பில் நம்மவர் பிள்ளை ஒருவன் இருந்தான். வட்டிக் கணக்கை வாய்மொழியாகக் கேட்டால், நான் முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். அதே கணக்கு வினாத்தாளில் அச்சாகி வந்தால் திகைத்து நிற்பான். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரிகளை விட்டுவிடுவான். நேற்று சரியாக எழுதிய சொல்லை இன்று வேறாக எழுதுவான். "கவனக் குறைவு; சோம்பல்" என்று அவன் மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன். தவறிய சொல்லை நூறு முறை எழுதச் செய்தேன். அட்டையைக் கண்ட தந்தையார் அவனை அடித்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

பல்லாண்டு கழித்து என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுதாயிற்று. பழுது பார்க்க வந்தவர் அவரே. மோட்டாரின் ஒலியைக் கேட்ட அளவிலேயே கோளாறு எங்கென்று சொல்லி, அரை மணி நேரத்தில் சரிசெய்தார். இரசீது கேட்டேன். இரசீதுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், சார்" என்றார். அவர் முகத்தில் சினமில்லை. எழுதும்போது என் கைதான் நடுங்கியது.

நான் அறியாதிருந்தேனே ஒழிய, உலகம் அதனை முன்பே அறிந்திருந்தது. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கில் மார்கன், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அறிவிற் சிறந்த பிள்ளை, கண்ணில் குறையில்லை, ஆயினும் படிக்க இயலவில்லை. பாடமனைத்தும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அதனை வாசித்தபோது, என் மாணவனை நான் பறிகொடுப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே எனக்கு வந்த கடிதம் போல் அது தோன்றிற்று.

இதனை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடு இது. மூக்குக் கண்ணாடியாலோ சத்து மருந்தாலோ பிரம்பாலோ இது மாறுவதன்று. இதுபோன்றே, ஒலியும் ஒளியும் கூட்டமும் பெருந்துன்பமாகி, பழகிய ஒழுங்கு மாறினால் கலங்கும் ஆட்டிசம் உடைய பிள்ளைகள் உளர். ஓரிடத்தில் அமரவும் ஒன்றில் கவனம் நிறுத்தவும் மிகவும் இடர்ப்படும் பிள்ளைகளும் உளர். இவர்களை அடங்காதவர் என்றும் மந்தமானவர் என்றும் நாம் பெயரிட்டு வந்திருக்கிறோம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இக்குறை மறைந்து கிடக்கத் தனிக் காரணம் உண்டு. நம் பிள்ளை பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் எழுதுகிறான். ஞாயிறன்று சங்கத்தில் தமிழ் எழுதுகிறான். மூன்று மொழி, மூன்று வகை எழுத்து. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, உயிரொலியோ மெய்க்குப் பின்னர்தான் வருகிறது. இந்தியில் குற்றிகரக் குறி மெய்க்கு முன்னே எழுதப்பட்டு, பின்னே ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் சிறிய 'பி'யும் 'டி'யும் ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல். பிள்ளை தடுமாறினால், "மதராஸிப் பையன், மொழி புதிது, போகப் போகச் சரியாகும்" என்கிறது பள்ளி. "வீட்டில் தமிழ் பேசுவதால் வந்த வினை" என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆண்டுகள் கழிகின்றன.

மொழி புதிதாயின், பழகப் பழகத் தடுமாற்றம் குறைய வேண்டும். நன்கு பேசத் தெரிந்த மொழியிலும் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் துன்பம் நீங்காதிருப்பின், தகுந்த சோதனை வேண்டும். ஒலிக்கும் எழுத்துக்கும் பொருத்தம் மிகுந்த மொழிகளில் பிழையைக் காட்டிலும் மந்தமான வாசிப்பே குறையைக் காட்டிக் கொடுக்கும் என்பதையும் நினைவில் கொள்க. பிழையின்றிப் படிக்கிறான், ஆனால் ஒரு பக்கத்திற்கு அரை மணி ஆகிறது என்றால், அதுவும் ஓர் அடையாளமே.

இனிப் பள்ளிகட்கு யாது சொல்வோம்? சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே ஏற்றது. டிஸ்லெக்சியாவும் ஆட்டிசமும் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்று, இவ்விரண்டையும் சேர்த்தது. கற்றல் குறைபாட்டை இயன்ற விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிப்பதனைக் கல்விக்கூடங்களின் கடமையாக அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் உரிய சான்றிதழ் உடைய மாணவர்க்குத் தேர்வில் எழுதித் தரும் துணைவரையும், மூன்று மணி நேரத் தாளுக்கு மேலும் ஒரு மணி நேரத்தையும் அனுமதிக்கிறது; மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும் அளிக்கிறது.

சான்றிதழ் வரும்வரை காத்திராமல், காசு செலவின்றி ஆசிரியர் செய்யக் கூடியவையும் பல. முன்னறிவிப்பின்றி வகுப்பின் நடுவே எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதிருத்தல். வரலாற்றுத் தாளில் வரலாற்றுக்கு மதிப்பெண் அளித்து, எழுத்துப் பிழைக்காகக் குறைக்காதிருத்தல். விடையை வாய்மொழியாகவும் கேட்டல். எழுத்தின் ஒலியை ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணும் காதும் கையும் ஈடுபடப் பயிற்றுதல். இவை டிஸ்லெக்சியா உடையோர்க்கு. அன்றாட ஒழுங்கைச் சுவரில் எழுதி வைத்தலும், மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுதலும், மனம் கலங்கும்போது ஒதுங்கி இருக்க அமைதியான ஒரு மூலையும் ஆட்டிசம் உடையோர்க்கு. துடிப்பு மிகுந்த பிள்ளைக்குப் பணியைச் சிறு சிறு கூறாக்கித் தந்து, இடையே எழுந்து நடக்கவும் இடமளித்தால் போதும். விளையாட்டு நேரத்தைப் பறிப்பது தண்டனை முறைகளுள் மிகவும் பேதைமையானது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய பிள்ளையைக் கண்டவுடன், "வீட்டில் தாய்மொழி பேசுவதை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும்" என்று அறிவுரை கூறும் பள்ளிகள் உண்டு. இரு மொழி கேட்டு வளர்வதால் டிஸ்லெக்சியாவோ ஆட்டிசமோ உண்டாவதில்லை. பிள்ளையின் மொழி வளர்ச்சிக்கு அது ஊறு செய்வதாக ஆராய்ச்சிகள் காட்டவுமில்லை. எழுத்தின் சுமையைக் குறைப்பது அறம். பேச்சைப் பறிப்பது கொடுமை. பாட்டியின் கதையைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைக்கு, பள்ளி தராத வெற்றி அந்தத் திண்ணையில்தான் கிடைக்கிறது. அதனையும் மூடிவிட்டால், அவன் பேச எந்த வாயில் எஞ்சும்?

ஆகவே பெற்றோரே, அஞ்சி மறைக்காதீர்கள். சான்றிதழ் குடும்பத்திற்குக் களங்கம் என்றும், பெண் பிள்ளையாயின் திருமணத்திற்குத் தடை என்றும் எண்ணி, பிள்ளையின் பத்தாண்டுகளை இழக்காதீர்கள். தலைமை ஆசிரியரைக் காணத் தனியே செல்லத் தயங்கினால், சங்கத்தைச் சேர்ந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உடன் வர நான் காத்திருக்கிறேன்.

பள்ளிகட்கு அறிவுரை சொல்லும் முன், நம் வீட்டையும் சற்று நோக்குவோம். நம் ஞாயிறு வகுப்பில் முதல் ஆண்டிலேயே எழுத்துத் தேர்வு வைக்கிறோம். தவறினவர் மறு ஆண்டு வருவதில்லை. வரும் ஆண்டு முதல், எழுத இயலாத பிள்ளை பேசியே தேர்ச்சி பெறலாம் என்று சங்கம் ஒரு தீர்மானம் இயற்ற வேண்டுகிறேன். அழகிய கையெழுத்துக்குப் பரிசு தரும் இம்மேடையில், அழகாகக் கதை சொல்லும் பிள்ளைக்கும் ஒரு பரிசு இருக்கட்டும். நாம் முதலில் செய்துவிட்டு, பின்னர்ப் பள்ளியின் கதவைத் தட்டுவோம். அப்போது நம் சொல்லுக்கு வலிமை மிகும்.

என் மாணவருக்கு நான் எழுதிய சிவப்பு மையை இனி அழிக்க இயலாது. இங்கே அமர்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் அட்டையிலும் அது மீண்டும் விழாதிருக்கக் காவல் இருப்போம்.