சமூகக் கல்லூரியை எடைபோடுவது எப்படி?

(கல்வி நிதி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வந்த மறுநாளே நம் வீடுகளில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. எட்டு ‘ஏ’ வாங்கிய பிள்ளையைப் பற்றி அங்கே வாதமே இல்லை. நாலைந்து பாடங்களில் மட்டும் தேறிய பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் வழக்கு. “பக்கத்து வீட்டுப் பையன் தனியார் கல்லூரிக்குப் போகிறான், நம் பையன் மட்டும் கோலேஜ் கொமுனித்திக்கா?” என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் பத்திரிகையை விரிப்பார். அந்த மௌனத்தில் ஒரு பிள்ளையின் இரண்டாண்டு முடிவாகிவிடுகிறது. அந்த முடிவைக் கொஞ்சம் கணக்குப் பார்த்து எடுக்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

சமூகக் கல்லூரி என்பது நேற்று முளைத்த எண்ணமன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கல்லூரி தொடங்கி, இன்றும் நடந்து வருகிறது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்கச் சமூகக் கல்லூரிகள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. சமையற்கலை, ரொட்டி தயாரிப்பு, மின்சாரம், குளிர்சாதனம், மோட்டார் வாகனப் பழுதுபார்ப்பு, ஆடை வடிவமைப்பு எனக் கைத்தொழில் சார்ந்த சான்றிதழ்ப் படிப்புகளே அங்கு மிகுதி. சான்றிதழை நன்முறையில் முடித்தவர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்குச் செல்ல வழியுண்டு. இந்த வழி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

தரத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். 2007-இல் அமைந்த எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கைத்தொழில் பயிற்சியானால் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் உண்டா, எந்த நிலை என்று கேளுங்கள். பிறகு நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். ஓர் இயந்திரத்தைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கிறார்கள்? அது ஓடுகிறதா, துணிபோட்டு மூடியிருக்கிறதா? கையேட்டில் அச்சிடாத செய்தி அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது விளைவு. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் ஆய்வு நடத்தி, ‘கெபொலேபாசாரான்’ என்னும் வேலை வாய்ப்பு விகிதத்தை வெளியிடுகிறது. அது நல்ல காரியம். ஆனால், அந்த விகிதத்தில் வேலை செய்பவர் மட்டும் அடங்குவதில்லை. மேற்படிப்புக்குச் சென்றவர், திறன் வளர்க்கும் பயிற்சியில் இருப்பவர், வேலையில் அமரக் காத்திருப்பவர் எல்லோரும் அதில் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியில் 100 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 60 பேர் படிப்பை முடித்தார்கள். அவர்களில் 30 பேர் வேலையில், 12 பேர் மேற்படிப்பில், 3 பேர் பயிற்சியில், 9 பேர் காத்திருப்பில் இருக்கிறார்கள். ஆக 54 பேர். கல்லூரி 90 விழுக்காடு என்று பதாகை கட்டலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால், முதல் நாள் வாசலில் நின்ற நூறு பெற்றோரில் முப்பது பேர் வீட்டில்தான் சம்பளம் வருகிறது. அந்த முப்பதிலும் படித்த தொழிலைச் செய்பவர் எத்தனை, பேரங்காடிக் கல்லாவில் நிற்பவர் எத்தனை? மேற்படிப்புக்குப் போனவரை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது மகிழ வேண்டிய செய்தி. என் கேள்வியெல்லாம் படிப்பை முடிக்காத நாற்பது பேரைப் பற்றியது. அவர்கள் எந்தப் பதாகையிலும் வருவதில்லை.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்றது. இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தவர் அதில் எண்ணப்படுவர். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. முதன்முறையாக, முழுநேர மாணவராகச் சேர்ந்தவரை மட்டுமே அந்தக் கணக்கு பார்க்கிறது. பகலில் வேலை செய்து மாலையில் பகுதிநேரமாகப் படிக்கும் தாய்மார் அதில் இல்லை. ஆகவே எண் சிறிதாக இருப்பதாலேயே கல்லூரி மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. யாரை எண்ணினார்கள் என்று கேட்ட பிறகே எண்ணை நம்ப வேண்டும்.

இனிச் செலவு. அரசாங்கச் சமூகக் கல்லூரியில் ஒரு பருவக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். தனியார் கல்லூரியில் அது பல ஆயிரமாகும். பலர் பி.டி.பி.டி.என். கடனைக் கொண்டே கட்டுகிறார்கள். பாதியில் நின்றுவிட்டாலும் அந்தக் கடன் நிற்பதில்லை.

ஆனால், கட்டணம் குறைவு என்பதால் செலவும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பேருந்துக் காசு, தங்குமிடம், சாப்பாடு, சமையற்கலை மாணவருக்குக் கத்தியும் வெள்ளைச் சட்டையும், பட்டறை மாணவருக்குப் பாதுகாப்புக் காலணி என்று அது நீளும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. இரண்டாண்டு படிக்கும் பிள்ளை, தொழிற்சாலைக்குப் போயிருந்தால் ஈட்டக்கூடிய 40,800 வெள்ளியை விட்டுக்கொடுக்கிறது. வசதியான வீட்டில் இதை யாரும் எண்ணுவதில்லை. தந்தை நோயில் படுத்துவிட்ட வீட்டிலோ மாதந்தோறும் இதே எண்ணம்தான். “ஓவர்டைம் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல் வருமாம்மா” என்று பிள்ளையே சொல்லத் தொடங்கும்போது, அது பாதி வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

அதனால்தான் நன்கொடையாளர்களாகிய உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். நம் கல்வி நிதிகள் பெரும்பாலும் கட்டணத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. கட்டணம் அதிகமென்றால் தொகையும் அதிகம். சமூகக் கல்லூரி மாணவன் மனுப்போட்டால், “உனக்குக் கட்டணமே இல்லையே” என்று மனுவை ஒதுக்கிவிடுகிறோம். அவனுக்குத் தேவை ஒரே காசோலையன்று. படிக்கும் காலம் முழுதும், மாதம் இருநூறு முந்நூறு வெள்ளியாக, பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்கும் உதவிதான் அவனைத் தொழிற்பயிற்சிப் பருவம் வரை கொண்டு சேர்க்கும்.

மனுப்படிவத்தில் இரண்டு வரிகள் கூட்டிக்கொள்ளுங்கள். இப்படிப்பில் சென்ற முறை சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று கல்லூரியே எழுதிக் கையொப்பமிடட்டும். நிதி பெற்ற பிள்ளைகளின் பெயரை ஒரு பேரேட்டில் வைத்து, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து ஒரு தொலைபேசி அழைப்பில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஐந்தாண்டில் நம் கையிலேயே ஒரு கணக்கு இருக்கும். எந்தக் கல்லூரிக்குக் கொடுத்த வெள்ளி பலன் தந்தது என்று வரும் ஆண்டு விழா மலர்களிலேயே அச்சிடலாம்.