மார்புப் பாரத்தை வாய்விட்டுச் சொல்லுவோம்

(நாவிதன்வெளியில் நடந்த பெண்கள் கூட்டமொன்றில் நாம் பேசியது. தோட்டத்துச் சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகின்றோம்.)



இன்றைய விஷயத்தைச் சொன்னதுமே சிலபேர் முந்தானையால வாயை மூடிச் சிரிக்கிறீங்க. சிரியுங்க, பரவாயில்லை. ஆனால் கழுத்து நோவு, தோள் நோவு என்று எத்தனை வருஷமா எண்ணெய் பூசிக்கிட்டு இருக்கிறீங்க என்பதையும் யோசிச்சுப் பாருங்க.

எல்லா நோவும் மார்பினால் வருவதில்லை. ஆனால் சில பெண்களுக்கு மார்பு உடம்பு தாங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. பரம்பரை, உடற்பருமன், பிள்ளைப்பேறு என்று காரணங்கள் பல. சில பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்த கொஞ்சக் காலத்திலேயே அப்படி ஆகிவிடும். பிறேசியர் பட்டி தோளில் பள்ளம் விழ அழுத்தும். மார்பின் கீழே வியர்வை தங்கி, தோல் வெந்து, புண்ணாகும். வயலில் குனிந்து களை பிடுங்குகிறவளுக்கும், தலையில் பட்டி மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கும் இது இரட்டைச் சுமை.

இதற்கு ஒப்பரேசன் இருக்கிறது. "அழகு பார்க்கவா இந்த வயசில?" என்று ஊர் கேட்கும். ருமேனியா நாட்டு டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009இல், 17 வயதில், இதே சிகிச்சையைச் செய்துகொண்டார். முதுகு நோவும் விளையாட்டுக்கு இடைஞ்சலும்தான் காரணம். பிறகு 2018இல் பிரெஞ்சுப் பட்டத்தையும் 2019இல் விம்பிள்டனையும் வென்றார். நமக்குப் பட்டம் வேண்டாம், நோவில்லாமல் வேலை செய்து வந்து இரவில் நிம்மதியாகப் படுத்தால் போதும்.

என்ன செய்வார்கள்? முதலில் இரத்தம், சீனி, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். நம்ம பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு, அதை முதலில் கூட்டச் சொல்லுவார்கள். உடம்பு கனமானவர்களை நிறையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வதும் உண்டு. சிகரெட் குடிக்கிறவர்களுக்குக் காயம் ஆறுவது சுணங்கும். நம்ம பெண்கள் சிகரெட் குடிக்கிறதில்லை, ஆனால் வெற்றிலையோட புகையிலை போடுறீங்களே, அதிலும் அதே நஞ்சுதான். டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்க. நாட்டு மருந்து குடித்தாலும் சொல்லுங்க.

ஒப்பரேசனுக்கு முன் நிற்க வைத்து மார்பில் பேனையால் கோடு போடுவார்கள். படமும் எடுப்பார்கள். ஆண் டொக்டர் என்றால் பக்கத்தில் ஒரு நேர்ஸ் நிற்கவேண்டும் என்று கேளுங்க, அது உங்கள் உரிமை. பிறகு முழு மயக்கம். இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் செல்லலாம். மிதமிஞ்சிய சதையையும் கொழுப்பையும் தோலையும் எடுத்து, முலைக்காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும்.

தழும்பு கட்டாயம் இருக்கும். காம்பைச் சுற்றி ஒன்று, அதிலிருந்து கீழே இறங்குவது ஒன்று, மார்பின் அடிமடிப்பில் ஒன்று, நங்கூரம் மாதிரி. ஒரு வருஷத்துக்கு மேலும் சிவந்திருந்து மெல்ல மங்கும். நம்மைப் போன்ற நிறத்தோலில் சிலருக்குத் தடித்தும் வரும். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு அறவே போய்விடும். இரண்டு மார்பும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாய் இராது. இதையெல்லாம் மறைத்துச் சொல்ல நாம் வரவில்லை.

ஒரு ராத்தா கேட்டா: "பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?" சிலருக்கு முடியும், சிலருக்குக் குறையும், சிலருக்கு முடியாமலே போகும். இன்னும் பிள்ளை பெற எண்ணியிருக்கிறவர்கள், நோவு பொறுக்கக்கூடியதென்றால், பிள்ளைப்பேறு முடியும்வரை பொறுப்பது நல்லது என்பதே நமது அபிப்பிராயம்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள். கிட்டத்தட்ட ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், கொழுந்துக் கூடை, நெல் மூட்டை எதுவும் வேண்டாம். தாங்கிப் பிடிக்கும் பிறேசியரை இராப்பகலாகப் போடவேண்டும். லீவுக்குத் துண்டு எடுத்து வையுங்க, சமைக்க ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வையுங்க. புருஷனுக்கும் சொல்லி வைக்கிறது நல்லது! காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம் என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீங்க. வெள்ளம் வந்த மாரிகளில் கிட்டங்கியைக் கடக்கப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மருந்து கட்டப் போகவேண்டிய நாட்கள் அப்படிப்பட்ட காலத்தில் விழுமா என்று திகதி எடுக்கும்போதே பாருங்க.

பெருத்த மார்பு என்றால் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கட்டி, தோல் உள்ளிழுத்தல், காம்பில் இரத்தம், ஒரு மார்பு மட்டும் புதிதாய்ப் பெருத்தல், இவை இருந்தால் அன்றைக்கே காட்டுங்க.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் இது அவசர ஒப்பரேசன் இல்லாதபடியால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். கல்முனையிலோ உங்கள் தோட்டத்துக்கு அருகிலோ உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ஜிக்கல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்க. பிளாஸ்டிக் சேர்ஜனிடம் அனுப்பவேண்டுமென்றால் அங்கிருந்து கடிதம் தருவார்கள். தூர ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் விளக்கினால் தலையாட்டிவிட்டு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீங்க. தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடச் சொல்லுங்க. எவ்வளவு எடுப்பீர்கள், காம்புக்கு என்ன ஆகும், தழும்பு எங்கே வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்க.

கூட்டம் முடிய குடும்பநல உத்தியோகத்தர் பின் அறையில இருப்பா. எல்லார் முன்னாலயும் கேட்க வெட்கப்பட்டவங்க ஒவ்வொருத்தராகப் போய்ப் பேசலாம்.